கங்கைவாயில் சந்தை: ஹரித்வார்க் கும்பமேளாவின் வணிக வரலாறு

குரு கும்ப ராசியில் நிற்கும் ஆண்டில், சூரியன் மேஷ ராசிக்குள் புகும் நாளன்று ஹரித்வாரில் கங்கையில் நீராடுவது பெரும்புண்ணியம் என்ற நம்பிக்கையே அந்நகரின் கும்பமேளாவுக்கு அடிப்படை. தமிழர் சித்திரை முதல் நாளாகக் கொண்டாடுவதும், பஞ்சாபியர் வைசாகி என்று அழைப்பதும் இதே மேஷப் பிறப்பைத்தான். வியாழன் கோள் சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 11.86 ஆண்டுகள் ஆவதால், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவதாகச் சொல்லப்படும் இந்த விழா இடையிடையே ஓராண்டு முந்திக்கொள்கிறது. 1927க்குப் பின் 1938இலும், 2010க்குப் பின் 2021இலும் ஹரித்வாரில் கும்பம் கூடியது இக்கணக்கின்படியே. இந்த நீராடலைச் சமய நிகழ்வாகவும், அதையொட்டிக் கரையோரத்தில் விரிந்த கடைகளைத் தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டவையாகவும் காண்பது பொதுவழக்கு. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் பதிவுகளை வைத்து நோக்கினால் அவ்வாறு பிரித்துப் பார்ப்பது பொருந்தவில்லை. யார் முதலில் நீராடுவது என்ற கேள்வியும், யார் சந்தையில் வரி தண்டுவது என்ற கேள்வியும் அக்காலத்தில் ஒரே பூசலின் இரு பக்கங்களாகவே இருந்தன.

விழாவின் பழமையைப் பற்றி முதலில் சிறிது சொல்லவேண்டும். பாற்கடலைக் கடைந்தபோது கிடைத்த அமுத கலசத்திலிருந்து ஹரித்வார், பிரயாகை, உஜ்ஜயினி, நாசிக் ஆகிய நான்கு இடங்களில் துளிகள் சிந்தின என்பது இன்று எல்லோரும் அறிந்த கதை. பாற்கடல் கடைந்த வரலாறு புராணங்களில் விரிவாகவே உள்ளது. ஆனால் நான்கு ஊர்களில் துளி சிந்திய பகுதி அப்புராணங்களின் பழைய பாடங்களில் இல்லை என்பதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி யுவான் சுவாங், பிரயாகையில் ஹர்ஷ மன்னர் தம் கருவூலத்தையே வாரி வழங்கிய பெருங்கூட்டத்தை வருணித்திருப்பதைக் கும்பமேளாவின் முதற்சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்த தானப்பெருவிழா. புத்தர், ஆதித்தர், ஈசுவரர் ஆகிய மூவரின் படிமங்களும் அங்கு வழிபடப்பட்டன. குருவின் ராசிநிலை பற்றிய குறிப்பு அதில் இல்லை. பன்னிரண்டாண்டுக் கணக்கோடு கூடிய தெளிவான செய்தி, ஒளரங்கசீப் ஆட்சியில் 1695 அளவில் சுஜன் ராய் பாரசீக மொழியில் எழுதிய ‘குலாசத்-உத்-தவாரிக்’ என்னும் நூலில் ஹரித்வாரைக் குறித்தே வருகிறது. அதே நூல் பிரயாகையைப் பற்றிப் பேசும்போது ஆண்டுதோறும் நடக்கும் மாசி நீராடலை, அதாவது வடநாட்டார் வழக்கில் ‘மாக மேளா’வை, மட்டுமே குறிப்பிடுகிறது. பிரயாகைக் கூட்டத்திற்குக் கும்பம் என்ற பெயர் ஆங்கிலேய அரசின் ஆவணங்களில் 1870ஆம் ஆண்டு விழாவையொட்டியே இடம்பெறத் தொடங்குகிறது. தொன்மையான மாக நீராடல் கும்பத்தின் பெயரையும் முறையையும் ஏற்றுக்கொண்டது 1857 கிளர்ச்சிக்குப் பிந்தைய காலத்தில் என்பது இதனால் பெறப்படும். ஆகவே கும்பத்தின் வரலாற்றை ஹரித்வாரிலிருந்து தொடங்குவதே முறை.

மகாபாரதம் கங்காத்துவாரம் என்று குறிக்கும் இவ்வூரின் இருப்பிடமே அதன் வணிகத்துக்குக் காரணம். மலையிலிருந்து இறங்கும் ஆறு இவ்விடத்தில் சமவெளியைத் தொடுவதால், கட்வால் மலைநாட்டின் பொருள்களும் தோவாப் என்னும் ஈராற்றிடைச் சமவெளியின் பொருள்களும் இங்கே கைமாறின. விழா நாளும் வணிகர்க்கு வாய்ப்பாக அமைந்தது. சித்திரைப் பிறப்பு வடநாட்டில் கோதுமை அறுவடையை ஒட்டி வருவது; உழவர் கையில் பணமும் தானியமும் இருக்கும் பருவம் அது. மழைக்காலம் தொடங்க இரண்டு மாதமேனும் இருப்பதால் வண்டித்தடங்கள் காய்ந்து கிடக்கும். குளிர்காலம் முழுவதும் இந்தியச் சமவெளியில் சுற்றி விற்றுவிட்டு, வேனில் தொடங்கும்போது தம் மலைகளுக்குத் திரும்பும் ஆப்கானிய நாடோடி வணிகர்க்கு, ஊர் திரும்புமுன் கையிருப்பைத் தீர்த்துக்கொள்ள இதைவிட ஏற்ற சந்தை வேறில்லை. கும்பம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும் சித்திரை மேளா ஆண்டுதோறும் கூடியதால், வணிகத்தடம் அழியாமல் நிலைத்தது. கும்ப ஆண்டில் அதே சந்தை பன்மடங்கு பெருகிற்று.

1808ஆம் ஆண்டுக் கும்பத்தின்போது கங்கையின் தோற்றுவாயைத் தேடிச் சென்ற நில அளவைக் குழுவைச் சேர்ந்த ராப்பர் என்னும் படை அதிகாரியும், அவர் காலத்து ஆங்கிலேய நூலோரும் தரும் பொருட்பட்டியல் வியப்பூட்டுவது. காபூல், காந்தகார், முல்தான், பஞ்சாப் பகுதிகளிலிருந்து குதிரை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றோடு பெருங்காயம், அஞ்சனக்கல், உலர்ந்த பாதாமி, அத்தி, திராட்சை, வாதுமை, பிஸ்தா ஆகியன வந்தன. காஷ்மீரத்திலிருந்தும் அமிர்தசரசிலிருந்தும் சால்வைகளும் கம்பளித் துணிகளும், ஜெய்ப்பூரிலிருந்து புள்ளித் தலைப்பாகைகளும், முகம் பார்க்கும் கண்ணாடிகளும், பித்தளையிலும் தந்தத்திலும் செய்த பொம்மைகளும் வந்தன. ரோகில்கண்டும் லக்னோவும் கேடயம் அனுப்பின. முல்தான் வில்லும் அம்பும் அனுப்பிற்று. மார்வாரிலிருந்து கம்பளித் துணி வந்திறங்கியது. இப்பொருள்களில் பூசைக்கோ நீராடலுக்கோ உரியவை அரிது என்பதைக் கவனிக்கவேண்டும். யாத்திரிகரின் சமயத்தேவையை நிறைவுசெய்வதற்காகத் தோன்றிய கடைத்தெருவாக மட்டும் இது இருந்திருந்தால் காந்தகார்க் குதிரைக்கும் ரோகில்கண்டுக் கேடயத்துக்கும் அங்கே வேலையிருந்திராது. வட இந்தியாவின் வெவ்வேறு வட்டாரங்கள் தமக்குள் மொத்த வணிகம் செய்துகொள்ளும் களமாகவே ஹரித்வார் விளங்கியது. நீராட வந்த கூட்டம் அச்சந்தைக்கு வேண்டிய பாதுகாப்பையும், நாள் தவறாத உறுதியையும், வாங்குவோர் பெருக்கத்தையும் தந்தது.

குதிரைப் பேரம் நடந்த விதத்தைப் பார்த்தோர் எழுதிவைத்துள்ளனர். விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே அமர்ந்து, கைகளின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிக்கொள்வர். துணிக்கடியில் ஒருவர் மற்றவரின் விரலையும் விரற்கணுவையும் பற்றி அழுத்துவதே தொகையைச் சொல்லும் முறை; இன்ன விரலுக்கு இன்ன மதிப்பு, இன்ன கணுவுக்கு இன்ன பின்னம் என்று தொழிலோர் எல்லாரும் அறிந்த கணக்கு உண்டு. வாயால் ஒரு சொல்லும் விலை பேசப்படுவதில்லை. சுற்றிலும் நூறு பேர் நின்று பார்த்தாலும் எவருக்கும் விலை தெரியாது. அடுத்த குதிரைக்கு அடுத்தவரிடம் வேறு விலை பேசும் உரிமை விற்பவரிடமே தங்கியது. தமிழ்நாட்டு மாட்டுச்சந்தைகளில் தரகர்கள் துண்டு போட்டு விலைபேசும் வழக்கத்தை அறிந்தவர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. இவ்வாறு கைமாறிய குதிரைகளை வாங்கியவர்களுள் அரசர்களும் படைத்தலைவர்களும் இருந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் குதிரைப்படைக்கு வேண்டிய விலங்குகளைத் தேர்ந்தெடுக்க அதிகாரிகளை ஹரித்வாருக்கு அனுப்பியதும், அந்நகரின் அமைதியில் அது காட்டிய அக்கறையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

இச்சந்தையில் விற்கப்பட்டவை பொருளும் விலங்கும் மட்டும் அல்ல. கூர்க்காக்கள் கட்வாலை ஆண்ட காலத்தில், வரி செலுத்த இயலாத மலைக்குடிகளின் பிள்ளைகளும் பெண்களும் மலையடிவாரத்துக் கூர்க்காச் சாவடிக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டனர். மூன்று வயதுக் குழந்தை முதல் முப்பது வயதினர் வரை ஆண்டுக்குச் சில நூறு பேர், தலைக்குப் பத்து ரூபாய் முதல் நூற்றைம்பது ரூபாய் வரை விலைபோயினர் என்று ராப்பரின் காலத்துப் பதிவு கூறுகிறது. நல்ல குதிரை ஒன்றின் விலை அதைவிடப் பலமடங்கு. பாவம் நீங்க மூழ்கும் படித்துறைக்கு அணுக்கத்தில் இவ்விற்பனை நடந்ததை ஹரித்வாரின் புகழ்பாடும் நூல்கள் விட்டுவிடுகின்றன. வரலாற்றில் அவ்வாறு விற்கப்பட்டோர்க்கு உரிய இடம் தரப்படவேண்டும்.

சந்தையை ஆண்டவர் யார் என்பதற்கு விடை கோசாயிகள். தசநாமி மரபைச் சேர்ந்த சைவத் துறவியரை வடநாட்டில் இப்பெயரால் அழைப்பர். அவர்களுள் ஆயுதம் தாங்கிய பிரிவினரே நாகா சாதுக்கள். இவர்களது படைப்பிரிவு போன்ற அமைப்பு அகாடா எனப்படும். மல்லர் பயிலும் களத்துக்கும் அதுவே பெயர். துறவியர் எவ்வாறு வணிகராயினர் என்பது இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. மணவாழ்க்கை இல்லாத குருவின் உடைமை அவருடைய மாணாக்கருக்குச் சென்றதால், குடும்பச் சொத்துகளைப் போல ஒவ்வொரு தலைமுறையிலும் பங்கு பிரிந்து சிதையாமல் முதல் திரண்டுகொண்டே வந்தது. ஊர் ஊராக யாத்திரை செல்லும் வழக்கம் அவர்களுக்கு நாட்டின் வழிகளையெல்லாம் பழக்கியிருந்தது. ஒவ்வொரு பெருநகரிலும் தம் மரபைச் சேர்ந்த மடம் இருந்ததால் சரக்கை இறக்கவும், உண்டியல் என்னும் பணமுறி மாற்றவும், நம்பி ஒப்படைக்கவும் இடமிருந்தது. கூட்டமாக ஆயுதத்தோடு சென்றதால் கொள்ளையர் அஞ்சினர். துறவியர் என்பதால் பல இடங்களில் சுங்கத்தில் சலுகை கிடைத்தது. முகலாயப் பேரரசு தளர்ந்து வழிகளில் காவல் குறைந்த பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தனை வசதியும் ஒருங்கே பெற்றிருந்த வணிகக்குழு வேறொன்று இருந்ததாகச் சொல்வது கடினம். மிர்ஸாபூரிலும் காசியிலும் பட்டும் பருத்தியும் அவர்கள் கையில் புரண்டன. வங்காளத்துக்கும் திபெத்துக்கும் இடையே வணிகமும் தூதும் நடத்திய பூரண்கிரி என்னும் கோசாயி, கம்பெனியின் தூதரான போகிளுடன் 1774இல் திபெத்துக்குச் சென்றவர். ஹரித்வாரை அடுத்த கன்கலில் கோசாயிகள் மாளிகைகள் எழுப்பிக்கொண்டதும் இச்செல்வத்தால்தான்.

இத்தகையோர் கூடும் இடத்தில் நீராடும் வரிசை வெறும் மரியாதைச் சிக்கலாக இருக்க முடியாது. 1640இல் சந்நியாசிகளுக்கும் வைணவத் துறவியர்க்கும் ஹரித்வாரில் நடந்த மோதலை ‘தபிஸ்தான்’ என்னும் பாரசீக நூல் குறிக்கிறது. 1760இல் கோசாயிகளுக்கும் பைராகிகள் என்னும் வைணவத் துறவியர்க்கும் பெரும்போர் மூண்டு பைராகிகள் தோற்றனர். 18,000 பேர் மாண்டதாகப் பின்னாளில் எழுதப்பட்ட எண் மிகையானது என்பதில் ஐயமில்லை என்றாலும், அதன்பின் பல பத்தாண்டுகள் ஹரித்வாரில் கோசாயிகளின் கையே ஓங்கியிருந்தது. 1796ஆம் ஆண்டுக் கும்பத்தை நேரில் கண்ட ஹார்ட்விக் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, கோசாயி மகந்துகள் நாள்தோறும் அவை கூட்டி வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பளித்ததையும், விழாக்காலத்து வரியைத் தாங்களே தண்டியதையும், வாளும் கேடயமும் ஏந்திக் காவல் புரிந்ததையும் பதிவு செய்துள்ளார். மகந்து என்பவர் மடத்தின் தலைவர். அவ்வாண்டு சீக்கியரோடு வந்த உதாசி மரபுத் துறவியர், கோசாயிகளின் இசைவு பெறாமல் தாம் விரும்பிய இடத்தில் கூடாரமிட்டுக் கொடி நாட்டினர். கோசாயிகள் கொடியைப் பிடுங்கி எறிந்தனர். ஏப்ரல் 10ஆம் நாள் காலை பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீக்கியக் குதிரைவீரர் பாய்ந்ததில் ஏறக்குறைய ஐந்நூறு கோசாயிகள் மாண்டனர். அவர்களுள் மான்பூரி என்னும் மகந்தும் ஒருவர். கொடி நாட்டுவது என்பது இடம் பிடிப்பது. இடத்தை ஒதுக்கும் உரிமை உடையவனே அவ்விடத்துக்கு வரி கேட்கும் உரிமையும் உடையவன். அக்காலை நடந்த கொலைகளின் வேர் இதில் இருந்தது. நாசிக்கில் இதே வகைப் பூசல் எழுந்தபோது பேஷ்வா அரசு, சைவர் திரியம்பகத்திலும் வைணவர் நாசிக்கிலும் தனித்தனியே நீராடவேண்டும் என்று தீர்ப்பளித்துப் பிணக்கைத் தீர்த்தது. ஹரித்வாரில் அவ்வாறு தீர்க்கவல்ல அரசு அப்போது இல்லை.

அந்த அரசு 1803இல் மராட்டியரை வென்று ஈராற்றிடைச் சமவெளியைக் கைப்பற்றிய கம்பெனி வடிவில் வந்தது. 1808 கும்பத்தில் வழிகளில் காவற்சாவடிகள் அமைத்து, உள்ளே நுழைவோரிடமிருந்து ஆயுதங்களை வாங்கி வைத்துக்கொண்ட பிறகே விட்டனர்; விழா குருதி சிந்தாமல் முடிந்தது. அகாடாக்கள் வரியும் நீதியும் இழந்தன; எஞ்சியது நீராடும் வரிசையில் அவர்களுக்கு உரிய இடம். யானை, குதிரை, கொடி, மேளத்தோடு செல்லும் ஊர்வலமாக இன்று நாம் காணும் பேரணி, ஒருகாலத்தில் சந்தையை ஆண்ட அதிகாரத்தின் எச்சம் எனலாம். இன்று ஏழு சைவ அகாடாக்களும், மூன்று வைணவ அகாடாக்களும், இரண்டு உதாசி அகாடாக்களும், நிர்மலர் என்னும் மரபின் அகாடா ஒன்றும் ஆகப் பதின்மூன்று அகாடாக்கள் அரசின் மேளா நிர்வாகம் வகுத்த நேரப்படி நீராடுகின்றன.

அமைதி நிலவியதால் கூட்டம் பெருகியது. ஆனால் படித்துறை பெருகவில்லை. 1820 கும்பத்தில் ஹர்-கி-பௌரி என்னும் முதன்மைத் துறைக்கு இறங்கும் குறுகிய வழியில் 430 பேர் நெரிந்து மாண்டனர். காவலுக்கு நின்ற சிப்பாய்களும் அவர்களுள் இருந்தனர். அதன்பிறகே நூறு அடி அகலத்தில் அறுபது படிகளோடு துறை விரித்துக் கட்டப்பட்டது. பிரயாகையில் கம்பெனியின் போக்கு வேறாக இருந்தது. அங்கே நீராட வருவோரில் நடந்து வருபவர்க்கு ஒரு ரூபாய், யானையோடு வருபவர்க்கு இருபது ரூபாய் என்று வரி விதிக்கப்பட்டது. கூலியாள் பல நாள் உழைத்துச் சேர்க்கும் தொகை அந்த ஒரு ரூபாய். உருவ வழிபாட்டால் அரசு வருவாய் ஈட்டுவது தகாது என்று இங்கிலாந்தில் பாதிரிமார் எழுப்பிய எதிர்ப்பினால் 1840இல் அவ்வரி நீக்கப்பட்டது. ஏழை யாத்திரிகரின் சுமையைக் கருதி நீக்கப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

நெரிசலைவிடக் கொடியது வாந்திபேதி. 1783 ஏப்ரலில் ஹரித்வாரில் கூடியோரிடையே எட்டே நாளில் இருபதாயிரம் பேர் இந்நோயால் மாண்டனர் என்றும், ஏழு மைல் தொலைவிலிருந்த ஜ்வாலாபூரை அது தொடவில்லை என்றும் பதிவு உள்ளது. 1867 கும்பத்துக்கு அரசு மருத்துவர்கள் முன்னெப்போதும் இல்லாத அளவு முன்னேற்பாடுகள் செய்திருந்தனர். நீராடலுக்கு முந்தைய இரவு கொட்டிய பெருமழை அவற்றையெல்லாம் பயனற்றதாக்கிற்று. ஊர் திரும்பியவர்களோடு நோய் பஞ்சாப் முழுவதும் பரவி வடமேற்கு எல்லையையும் கடந்தது. முந்தைய ஆண்டில் கான்ஸ்டாண்டினோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, இந்திய யாத்திரைகளே உலகில் இந்நோய் பரவக் காரணம் என்று சுட்டியிருந்ததால், அரசின் கண்ணில் யாத்திரிகர் நோய் சுமப்போராகவே தெரியலாயினர். 1892இல் ஹரித்வாரில் மகாவாருணி என்னும் புண்ணிய நாள் நீராடலுக்குக் கூடிய மக்களை அரசு கலைத்து அனுப்பியது. அவ்வாண்டு கடை விரித்திருந்தோர் அடைந்த இழப்பை ஈடுசெய்வார் எவருமில்லை.

குதிரைச் சந்தை தளர்ந்ததற்கு நோய் மட்டும் காரணமன்று. 1886இல் லக்சரிலிருந்து ஹரித்வாருக்கு இருப்புப்பாதை வந்ததும் யாத்திரிகர் பெருகினர். ஆனால் அதே இருப்புப்பாதை காபூல் உலர்பழத்தையும் மார்வார்த் துணியையும் ஆண்டு முழுவதும் எல்லா நகரங்களுக்கும் கொண்டுசேர்த்ததால், சித்திரை வரை காத்திருந்து வாங்கவேண்டிய தேவை மறைந்தது. சில வாரங்கள் தங்கிப் பேரம் பேசிய கூட்டத்துக்கு மாறாக, காலையில் இறங்கி நீராடி மாலையில் வண்டியேறும் கூட்டம் வந்தது. வட்டாரங்களுக்கிடையிலான மொத்த வணிகம் குறைந்து, யாத்திரிகரின் உணவும் உறைவிடமும் போக்குவரத்துமே விழாவின் முதன்மை வருவாயாயின. கும்பமேளாவின் பொருளாதாரம் என்று இன்று பேசப்படுவது பெரும்பாலும் இந்தப் பிற்காலத்து வடிவமே.

கருத்துகளும் இச்சந்தையில் பரிமாறப்பட்டன. 1867இல் தயானந்த சரஸ்வதி இங்கேதான் பாசண்டத்தைக் கண்டிக்கும் கொடியை நட்டு, உருவ வழிபாட்டையும் தீர்த்தப் புண்ணியத்தையும் மறுத்துப் பேசினார். நீராட வந்தவர்களிடமே நீராடலை மறுக்க அவருக்கு இடமிருந்தது என்பது அக்கூட்டத்தின் இயல்பைக் காட்டும். 1915 கும்பத்தில் அனைத்திந்திய இந்து சபை உருவானது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்த காந்தி அவ்வாண்டு தம் ஃபீனிக்ஸ் குடியிருப்புக் குழுவினரோடு தங்கிக் கழிவு அகற்றும் பணியை ஏற்றார்; அங்கே கண்ட ஏமாற்றும் ஆடம்பரமும் மனத்தை உறுத்தியதால், நாளொன்றுக்கு ஐந்து பொருளுக்கு மேல் உண்பதில்லை என்ற நோன்பையும் அங்குதான் மேற்கொண்டார்.

இத்தனை மாற்றத்திலும் நிலைத்துநின்ற தொழில் ஒன்று உண்டு. அது ஹரித்வார்ப் பண்டாக்களுடையது. பண்டா என்பவர் யாத்திரிகர்க்குச் சடங்கு செய்விக்கும் தீர்த்தப் புரோகிதர். ஒவ்வொரு பண்டா குடும்பத்துக்கும் இன்ன மாவட்டம், இன்ன சாதி என்று வகுத்த வாடிக்கைக் குடிகள் உள்ளனர். வருகின்றவர் தம் சொந்த ஊரையும் சாதியையும் சொன்ன அளவில் உரிய பண்டாவிடம் வழிகாட்டி அனுப்பப்படுவார். அவர் துணியில் சுற்றி வைத்த, குறுகி நீண்ட ‘வஹி’ என்னும் குறிப்பேட்டைப் பிரித்து, வந்தவரின் தந்தை, பாட்டன், முப்பாட்டன் வந்த நாளையும் வந்த காரணத்தையும் படித்துக் காட்டுவார். அதன்பின் வந்தவர் புதிதாகப் பிறந்தோர், மணந்தோர், இறந்தோர் பெயர்களைச் சொல்லி எழுதுவித்துத் தம் கையொப்பமும் இடுவார். வாரிசு வழக்குகளில் இவ்வேடுகளை நீதிமன்றங்கள் சான்றாக ஏற்றிருக்கின்றன. அமெரிக்காவின் யூட்டா மரபுவழிக் கழகம் பெருமளவு ஏடுகளை நுண்படச் சுருளில் பதிவுசெய்துள்ளது. ஏடு பண்டாவின் மூலதனம். குடும்பச் சொத்தாக மகன்களுக்குப் பிரித்துத் தரப்படுவது. 2021இல் பெருந்தொற்றினால் கும்பம் ஒரு மாதமாகச் சுருக்கப்பட்டு, ஏப்ரல் நடுவில் அகாடாக்கள் ஒவ்வொன்றாக வெளியேறியபோதும், உறவினரின் அஸ்தியைக் கரைக்க வந்தவர்களின் பெயர்கள் அவ்வேடுகளில் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. கோசாயி வணிகரின் கணக்கேடுகள் இவ்வாறு பேணப்படாததால், எந்த வட்டாரத்திலிருந்து எந்தக் குடியினர் எந்த ஆண்டில் ஹரித்வாருக்கு வந்தனர் என்பதை அறிய, ஜ்வாலாபூரிலும் ஹரித்வாரிலும் பண்டாக்களின் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் இந்த ஏடுகளையே ஆய்வாளர் நாடவேண்டியிருக்கிறது.